மங்கிய வெயிலும் மறைந்த வெப்பமும்

ஓசூரை அடுத்த மத்திகிரியில் பனிக்காலக் காலைப்பொழுதுகளில், தொழிற்சாலைகளுக்கும் நெடுஞ்சாலைக்கும் மேலாகச் சாம்பல் நிறத் திரையொன்று படர்ந்திருப்பதைக் காண்கிறோம். கதிரவனின் கடுமை தணிந்தது என்று எண்ணத் தோன்றும். உண்மை அதுவன்று.

காற்றில் மிதக்கும் நுண்துகள்கள் இருவகைப்படும். நிலக்கரிப் புகையால் உண்டாகும் சல்பேட்டுத் துகள்கள் ஒளியைச் சிதறடித்து, ஒரு பகுதியை விண்வெளிக்கே திருப்பிவிடுகின்றன. டீசல், விறகு முதலியவற்றின் புகைக்கரியோ ஒளியை உறிஞ்சித் தன்னைச் சூழ்ந்த காற்றைச் சூடேற்றுகிறது.

இங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரில், 2001 நவம்பரில் இந்திய அறிவியலாளர்கள் இதனை ஆராய்ந்தனர். துகள்களால் தரையை அடையும் ஆற்றல் சதுர மீட்டருக்கு 23 வாட் அளவு குறைவதாகவும், காற்றுவெளியில் 28 வாட் தங்குவதாகவும் கணித்தனர். தரை இழந்ததைவிடக் காற்று பெற்றதே மிகுதி. எஞ்சிய 5 வாட், துகள்கள் இல்லையெனில் விண்வெளிக்குத் திரும்பியிருக்க வேண்டிய ஆற்றலாகும்.

எனவே மங்கிய வெயிலை நாம் குளிர்ச்சியெனக் கொள்ளலாகாது. ஆயினும் ஆறுதல் ஒன்றுண்டு. கரியமிலவாயு நூற்றாண்டுகள் நிலைக்கும். புகைக்கரியோ சில நாட்களிலிருந்து ஓரிரு வாரங்களுக்குள் காற்றைவிட்டு நீங்கிவிடும். இன்று புகையைக் குறைப்போமாயின், அதன் பயனை நம் தலைமுறையே கண்டுவிடும்.