ஒரு டிஷ், மூன்று தொலைக்காட்சிகள்

கூடத்திலே ஒரு தொலைக்காட்சி. பாட்டியின் அறையிலே மற்றொன்று. பிள்ளைகளுக்கென மாடியிலே மூன்றாவது. இன்று அநேக இல்லங்களில் நிலைமை இதுவே. ஆயினும் கூரைமேல் இருக்கும் டிஷ் ஒன்றுதான். அதிலிருந்து இறங்கும் கேபிளை, மின்குமிழுக்கு வயர் பிரிப்பதுபோல மூன்றாகப் பிரித்துவிட்டாற் போதுமென்று பலரும் எண்ணுகின்றனர். பிரித்த அன்றே சச்சரவு ஆரம்பமாகிறது. ஓர் அறையில் அலைவரிசையை மாற்ற, மற்றோர் அறையில் ஓடிக்கொண்டிருந்த கிரிக்கெட் மறைந்துவிடுகிறது.

இஃது ஏன்? டிஷ்ஷின் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் சிறு பெட்டிக்கு எல்.என்.பி. என்று பெயர். பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செய்மதியிலிருந்து, 10.7 முதல் 12.75 கிகாஹெர்ட்ஸ் வரையான அலைகள் அதை வந்தடைகின்றன. (இத்தகைய செய்மதிகளால் உலகெங்கும் ஒலிபரப்பலாம் என 1945இல் எழுதிய ஆர்தர் சி. கிளார்க், பிற்காலத்தில் நம் கொழும்பிலேயே வாழ்ந்து 2008இல் காலமானார் என்பதை மாணவர்கள் அறிந்திருப்பது நன்று.) அவ்வலைகளைக் கேபிளில் செல்லத்தக்கவாறு 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரையாகத் தாழ்த்தி அனுப்புவதே எல்.என்.பி.யின் வேலை.

ஆனால் வந்தவை யாவும் ஒரே கேபிளில் ஒருங்கே அடங்கமாட்டா. ஆகவே செங்குத்து அலை, கிடை அலை என்றும், கீழ்ப்பகுதி, மேற்பகுதி என்றும் நான்கு கூறுகளாக்கி, ரிசீவர் கேட்கும் கூறை மாத்திரமே அது கொடுக்கிறது. கேட்கும் முறைதான் வேடிக்கையானது. அதே கேபிள் வழியாக ரிசீவர் 13 வோல்ட் அனுப்பினால் செங்குத்து. 18 வோல்ட் அனுப்பினால் கிடை. உடன் 22 கிலோஹெர்ட்ஸ் தொனியும் சேர்ந்தால் மேற்பகுதி. எனவே கேபிள் என்பது படம் இறங்கும் பாதை மட்டுமன்று. கட்டளை ஏறும் பாதையுமாகும். ஒரே வேலையாளுக்கு இரு எசமானர்கள் வெவ்வேறு கட்டளை இட்டால், 18 வோல்ட் அனுப்பியவரே வெல்வார். பாட்டி பாவம்!

பரிகாரம் எளிது. இரண்டு அல்லது நான்கு வாய்களுள்ள எல்.என்.பி.யைப் பொருத்தி, ஒவ்வொரு ரிசீவருக்கும் தனிக் கேபிள் இழுக்கவேண்டும். நான்குக்கு மேற்பட்டால், நாற்கூறுகளையும் நான்கு கேபிள்களிற் பெற்று, கேட்பவர்க்குக் கேட்டதைப் பகிர்ந்தளிக்கும் மல்ட்டிசுவிட்ச் என்னும் கருவி தேவை. ஒரே ரிசீவரிலிருந்து மூன்று தொலைக்காட்சிகளுக்கும் வயர் இழுக்கலாந்தான். ஆனால் பாட்டி பார்க்கும் நாடகத்தையே பேரனும் பார்க்கவேண்டி வரும். மேலதிக ரிசீவர்களுக்குத் தனிச் சந்தா உண்டா என்பதையும் முன்னரே விசாரித்துக்கொள்க.

புதுவீடு கட்டுவோர் சுவருக்குச் சாந்து பூசுமுன்பே ஒவ்வோர் அறைக்கும் குழாய் பதித்து, ஒன்றுக்கு இரண்டாகக் கேபிள் விட்டுவைத்தல் நலம். பின்னர் சுவரை உடைக்கும் செலவு கேபிளின் விலையைப் பன்மடங்கு மிஞ்சும். ஆர்.ஜி.6 வகைக் கேபிளிலும், நடுக்கம்பி முழுச் செம்பாக உள்ளதையே தெரிவுசெய்க. எஃகின்மேல் செம்பு பூசியது மலிவு. ஆனால் தூரம் கூடக்கூட அதில் வோல்ட் வீணாகும்.

கேபிள் முனையைச் செய்யும்போது வெளிவலையின் ஒரு மெல்லிழைகூட நடுக்கம்பியைத் தொடலாகாது. கூரையிலிருந்து வீட்டினுள் நுழையுமிடத்தில் கேபிளைச் சற்றே தொங்கவிட்டு வளைத்தால், மழைநீர் உட்புகாது அங்கேயே சொட்டிவிடும். முனையைத் திருகவோ கழற்றவோ கூரைமேல் ஏறுமுன், மூன்று அறைகளிலும் ரிசீவரின் மின் செருகியைக் கழற்றிவிடுக.