கண் சிமிட்டும் டியூப் லைட்... தூக்கிப் போடும் முன் இதைப் பாருங்க!

எதையும் தாமதமாகப் புரிந்துகொள்பவரை 'டியூப் லைட்' என்று கிண்டல் செய்வதுண்டு. சுவிட்ச் போட்டதும் யோசித்து யோசித்து எரியும் அந்தப் பழைய நாலடி விளக்கு, இன்று பல வீடுகளில் ஹாலை விட்டு கார் ஷெட்டுக்குப் போய்விட்டது. அங்கேயும் கண் சிமிட்ட ஆரம்பித்தால், முழு செட்டையும் மாற்ற வேண்டியதில்லை.

டியூப், ஸ்டார்ட்டர், சோக்... இதில் முக்கியமானவை இந்த மூன்றும்தான். ஸ்டார்ட்டர், டியூபின் இரு முனைகளையும் சூடாக்கிவிட்டு இணைப்பைத் துண்டிக்கும். அந்த நொடியில் சோக் தரும் உயர் மின்னழுத்தத்தில்தான் விளக்கு எரிகிறது.

பழுது எங்கே?

* முனைகள் மட்டும் எரிகின்றனவா? ஸ்டார்ட்டரை மாற்றுங்கள். மூன்றில் மலிவானது அதுதான்.

* மினுக்கிக்கொண்டே இருக்கிறதா? அப்போதும் முதலில் ஸ்டார்ட்டர். பிறகும் சரியாகாமல், முனைகள் கறுத்திருந்தால் டியூபின் ஆயுள் முடிந்துவிட்டது.

* எரியவே இல்லையா? டியூப் ஹோல்டரில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா எனப் பாருங்கள். நன்றாக எரியும் இன்னொரு லைட்டின் டியூபையும் ஸ்டார்ட்டரையும் மாட்டிப் பார்க்கலாம். அதுவும் எரியாவிட்டால் கோளாறு சோக்கிலோ வயரிங்கிலோ இருக்கும்.

* தீய்ந்த வாடை வருகிறதா? உடனே அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கை வைக்கும் முன்...

சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. சில பழைய வீடுகளில் நியூட்ரல் வயரில் சுவிட்ச் இருக்கும். அணைத்த பிறகும் ஹோல்டரில் கரன்ட் இருக்கும். மெயினை அணையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் மறக்காமல் அணையுங்கள். இரும்பு ஏணி வேண்டாம். ஆடாத மர ஸ்டூல் நல்லது.

எல்.இ.டி டியூபுக்கு மாறினால் மின்சாரம் பாதிக்கு மேல் மிச்சமாகும். ஆனால், சில எல்.இ.டி டியூப்களுக்குப் பழைய சோக், ஸ்டார்ட்டர் இணைப்பை நீக்க வேண்டும். அட்டைப் பெட்டியில் உள்ள வயரிங் படத்தைப் பார்த்து, எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

குப்பையில் உடைக்காதீர்கள்!

பழைய டியூபுக்குள் பாதரசம் இருக்கிறது. வீட்டுக்குள் உடைந்தால் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, 10 நிமிடமாவது வெளியே இருங்கள். துடைப்பத்தால் பெருக்காமல், தடித்த அட்டையால் அள்ளி, ஈரத்துணியால் துடைத்து, கவரில் கட்டி வையுங்கள்.

உடையாத டியூபைப் பழைய அட்டையில் சுற்றி, 'டியூப் லைட்' என்று சொல்லித் தனியாகக் கொடுங்கள். அதைக் கையால் பிரிக்கப்போவது ஒரு தூய்மைப் பணியாளர்தான்.