வியாழக்கிழமை வரும் அக்கா

சென்னையிலிருந்து விழுப்புரம் போகும் பாசஞ்சர் ரயில், திண்டிவனத்துக்கு முன்னால் ஒலக்கூரில் நிற்கும். சுற்றிலும் ஏரிகளும் மல்லாட்டைக் கொல்லைகளுமான ஊர்கள். இங்கே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்று திடீரென்று பேச்சைக் குறைத்துக்கொள்கிறது என்று வையுங்கள். அது யாரிடம் போகும்?

எண்களுக்குப் பஞ்சமில்லை. பள்ளிக்கல்வித் துறைக்கு 14417, சிறார் உதவிக்கு 1098, மனநலத்துக்கு 14416. ஆனால் அப்பாவின் கைபேசி அவரோடு சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போயிருக்கும். வீட்டில் இருப்பது அம்மாவுடையது. ஒற்றை அறை வீட்டில், அம்மா அடுப்படியில் இருக்க, அம்மாவைப் பற்றிய துயரத்தை எப்படிச் சொல்வது?

2013 வாக்கில் தமிழக அரசு நடமாடும் உளவியல் ஆலோசனை மையங்களைத் தொடங்கியது. நல்ல எண்ணம்தான். ஆனால் அன்றைய 32 மாவட்டங்களுக்கும் சேர்த்து 10 வண்டிகள். வண்டி வந்த நாளில் பிள்ளைக்கு வாய் திறக்காது. திறக்க மனம் வரும்போது வண்டி வேறு மாவட்டத்தில் நிற்கும்.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்த 17 வயது மாணவி இறந்த வழக்கில், 100 அல்லது அதற்கு மேல் மாணவர் உள்ள கல்வி நிறுவனம் ஒவ்வொன்றிலும் பயிற்சி பெற்ற ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ இருக்கவேண்டும் என்றது. அதைவிடச் சிறியவை வெளியிலுள்ள மனநல வல்லுநரோடு முறையான தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும். கிராமத்துச் சிறு பள்ளிகளுக்கு இந்த இரண்டாவது வரிதான் உயிர். அதைத் தொலைபேசி எண் எழுதிய பலகையாகச் சுருக்கிவிடக் கூடாது.

நாலைந்து பள்ளிகளுக்கு ஓர் ஆலோசகர், பள்ளிக்கு ஒரு கிழமை, மாறாத முகம் என்று அந்தத் தொடர்பு அமையவேண்டும். வியாழக்கிழமை என்றால் அந்த அக்கா வருவார் என்று பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் புதன்கிழமை இரவைத் தாண்டிவிடும். உட்காரும் இடம் தலைமையாசிரியர் அறையாக இருக்கவே கூடாது. சொன்னது வெளியே போகாது என்ற உறுதி வேண்டும். பாலியல் வன்முறை என்றால் மட்டும் போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆகவேண்டும் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

சிலரை முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்ப நேரும். வெறும் சீட்டு போதாது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, எந்தக் கட்டடம் என்று தெரியாமல் அம்மா அங்கே நிற்பார். முதல் தடவையாவது அந்த அக்கா கூடப் போகவேண்டும். அந்தப் பயணப்படிக்கும் இதற்காகப் போடும் அரசாணையில் ஒரு வரி வேண்டும்.