இருபதாவது சிறுவன்

1930களின் இறுதியில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் கர்ட் லெவின், ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் வைட் என்னும் உளவியலாளர்கள் பத்து வயதுச் சிறுவர்களைச் சிறு சிறு குழுக்களாகச் சேர்த்தார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் பெரியவர் ஒருவர் தலைவர். சில வாரம் எல்லாவற்றையும் தலைவரே முடிவு செய்வார். சில வாரம் பிள்ளைகளோடு கலந்து பேசுவார். சில குழுக்களில் எதிலும் தலையிடாமல் இருந்துவிடுவார். அதிகாரத் தலைவர் அறையைவிட்டு நகர்ந்ததும் வேலை படுத்துவிட்டது. கலந்து பேசுபவர் வெளியே போனபோதோ பெரும்பாலும் தொடர்ந்து நடந்தது.

1939இல் வெளிவந்த ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. இருபது சிறுவர்களில் பத்தொன்பது பேருக்கு, அதிகாரம் செய்தவரைவிடக் கலந்து பேசியவரைத்தான் பிடித்திருந்தது. ஒருவனுக்கு மட்டும் கண்டிப்பானவரே பிடித்தவர். அவன் ராணுவ அதிகாரியின் மகன். கட்டுப்பாட்டைப் பெரிதாக மதித்தவன்.

அவனை விதிவிலக்கு என்று ஒதுக்கிவிடலாம். எனக்கு அவன்தான் முக்கியம். நல்ல தலைமை என்பது தலைவரிடம் மட்டும் இல்லை, அதை ஏற்பவரின் தேவையிலும் பாதி இருக்கிறது என்று காட்டியவன் அவன். 1960இல் விக்டர் வ்ரூம் ஒரு பெரிய நிறுவனத்தின் மேற்பார்வையாளர்களிடம் இதையே கண்டார். முடிவெடுப்பதில் பங்கு கிடைத்தபோது, சுதந்திரத்தை விரும்பியவர்களுக்கு அது மிகவும் நிறைவளித்தது. அந்தத் தேவை குறைவாக இருந்தவர்களிடம் அவ்வளவு மாற்றமில்லை.

பள்ளிக்கூடத்தை இந்தக் கண்ணோடு பார்த்தவர்கள் ஜேக்கப் கெட்செல்சும் ஈகான் கூபாவும். பதவி கேட்கும் கடமையும் ஆள் சுமந்து வரும் தேவையும் சந்திக்கும் இடத்தில்தான் ஒருவரின் நடத்தை பிறக்கிறது என்று 1957இல் எழுதினார்கள். ஒரே தலைமையாசிரியர் இரண்டு ஆசிரியர்களிடம், “உங்கள் வகுப்பு, உங்கள் விருப்பப்படி நடத்துங்கள்” என்கிறார். சாதிக்கத் துடிக்கும் ஆசிரியருக்கு அது திறந்த வாசல். ஆதரவு தேடுபவருக்கோ தன்னைக் கைவிட்டதுபோல் இருக்கும். சொன்னவர்மீது இருவரும் சொல்லும் தீர்ப்பு நேர்மாறாக இருந்தாலும், இரண்டும் நியாயமானவையே.

தேவையும் ஓரிடத்தில் நிற்பதில்லை. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் பிரான்சஸ் ஃபுல்லர் 1969இல் ஆசிரியர்களின் கவலைகளை ஆராய்ந்தார். புதியவர்களின் கவலை பெரும்பாலும் தம்மைப் பற்றியது: வகுப்பு அடங்குமா, மேலதிகாரி என்ன நினைப்பார். அனுபவம் கூடும்போது கவலை மாணவர்களின் பக்கம் திரும்புகிறது. புதிதாக வந்தவரின் வகுப்பில் தலைமையாசிரியர் அடிக்கடி வந்து உட்கார்ந்தால் அது துணையாகவே இருக்கக்கூடும். பத்தாண்டு கழித்தும் அதே வருகை தொடர்ந்தால், தன்னை நம்பவில்லையோ என்று அதே ஆசிரியர் நினைக்கத் தொடங்கலாம்.