மண் இல்லாமல் மாட்டுக்குப் பசுந்தீவனம்!

மண் இல்லாமல் பயிர் வளருமா? வளரும்! நாமக்கல் பக்கத்துக் கட்டுத்தரை ஓரத்தில், கீற்றுக் கொட்டகைக்குள், தட்டுத் தட்டாக மக்காச்சோளம் முளைக்கிறது. வயல் வேண்டாம். ஏர் வேண்டாம். தண்ணீர் தெளித்தால் போதும். ஏழெட்டு நாளில் ஒரு சாண் உயரப் பயிர் தயார்.

இது புது அதிசயம் அல்ல. கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த கெரிக் என்ற விஞ்ஞானி, உரச்சத்துக் கரைத்த நீரில் 25 அடி உயரத் தக்காளிக் கொடிகளை வளர்த்து 1930-களில் உலகையே வியக்க வைத்தார். 1946-ல் ஷால்டோ டக்ளஸ் என்ற ஆங்கிலேயர் இக்கலையை வங்காளத்துக் கலிம்பாங் மலைக்குக் கொண்டு வந்தார். விலையுயர்ந்த கருவிகளை விட்டுவிட்டு, சரளையும் மணலும் நிரப்பிய தொட்டிகளிலேயே காய்கறி வளர்த்தார். அந்த முறையை விளக்கி அவர் எழுதிய நூல் 1951-ல் வெளியாயிற்று.

சேலம், நாமக்கல் சமவெளிக்கோ காய்கறியைவிடப் பெரிய கவலை தீவனம். மானாவாரிச் சோளம் பொய்த்தால் தட்டுப்போர் சீக்கிரம் கரைந்துவிடும். ஆழ்குழாய்க் கிணறும் வறண்டால், பசும்புல்லைக் கண்ணால் காண்பதே அரிது. குச்சிக்கிழங்குத் திப்பியும் வைக்கோலும் வயிற்றை நிரப்பும், பசுமை தருமா?

செய்முறை எளிது. முளைப்புத்திறன் உள்ள மக்காச்சோளத்தைக் கழுவி ஓர் இரவு ஊற வைக்க வேண்டும். பிறகு ஈரச் சாக்கில் கட்டி ஒரு நாள் வைத்தால் முளை எட்டிப் பார்க்கும். அடியில் துளையுள்ள தட்டுகளில் விரற்கடை கனத்துக்குப் பரப்பி, இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை பூவாளியால் தெளிக்க வேண்டும். உரம் தேவையில்லை, விதையில் உள்ள சத்தே ஒரு வாரத்துக்குப் போதும். வேர்கள் பின்னிப் பாய் போல் ஆகிவிடும். ஒரு கிலோ தீவனத்துக்கு இரண்டு மூன்று லிட்டர் தண்ணீரே செலவு. தினம் ஒரு தட்டு விதைத்தால் தினம் ஒரு தட்டு அறுவடை!

‘ஒரு கிலோ விதை ஐந்து கிலோ தீவனமாகிறது’ என்று கருவி விற்போர் சொல்வது பொய்யல்ல. ஆனால் அதிகமாவது பெரும்பாலும் தண்ணீர்தான். ஒரு கிலோ தானியத்தில் சுமார் 900 கிராம் உலர்பொருள் உண்டு; முளைத்த ஐந்து கிலோவில் இருப்பதோ 700 கிராம் அளவே. மீதியை முளை தன் வளர்ச்சிக்கே செலவிட்டுவிடுகிறது. பதிலுக்கு உயிர்ச்சத்து கூடும், எளிதில் செரிக்கும். மாடு வேரோடு விரும்பித் தின்னும். ஆகவே இது வைக்கோலுக்கும் தட்டுக்கும் துணையே ஒழிய மாற்றல்ல. பத்துக் கிலோவுக்கு இரண்டு கிலோ மக்காச்சோளம் வேண்டும். அதே தானியத்துக்குத்தான் நாமக்கல் கோழிப் பண்ணைகளும் போட்டி போடுகின்றன. விலை ஏறும்போது பால்காரர் கணக்குப் பார்த்தே இறங்க வேண்டும். இந்தக் கணக்கு தெரியாமல் கடன் வாங்கிக் குளிரூட்டும் இயந்திரம் வைப்பது வீண் வேலை. மூங்கில் சட்டமும் நிழல்வலையும் போதும்.

மற்றொரு சங்கடம், வெயில். தீவனம் மிகவும் தேவைப்படும் சித்திரையில்தான் பூசணம் எளிதில் பிடிக்கிறது. வேப்பமர நிழலில் கொட்டகை போட்டு, சுற்றிலும் ஈரச் சாக்கு தொங்கவிட்டால் சூடு தணியும். தட்டுகளை ஒவ்வொரு தடவையும் தேய்த்துக் கழுவி வெயிலில் காய வைக்க வேண்டும். கறுப்போ பச்சையோ பூத்த தட்டைக் குப்பைக்குழியில் கொட்டிவிட வேண்டும். ‘வீணாகிறதே’ என்று மாட்டுக்குப் போட்டால் மாட்டுக்கே ஆபத்து.

விதைக்கென்று மருந்து கலந்து விற்கும் மக்காச்சோளத்தை ஒருபோதும் முளைக்க வைக்கலாகாது. கழுவினாலும் அந்த நஞ்சு முழுதும் போகாது. கடையில் வாங்கும்போதே, மருந்து கலக்காத தானியமா என்று கேட்டு வாங்க வேண்டும்.