திம்பம் மலைவழிப் பிரயாணம்

ஐரோப்பியர் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து ஒரு தேசத்திலிருந்து மற்றொரு தேசத்திற்கு மோட்டாரில் செல்வதுபோல, நம் விருத்தாசலத்திலிருந்து புறப்பட்டு, சேலம், பவானி, சத்தியமங்கலம் வழியாகத் திம்பம் மலையேறி, கர்நாடக எல்லையைத் தாண்டிச் சாமராஜநகர், மைசூர் சேரும் ரமணீயமான மார்க்கம் ஒன்று நமக்கும் உண்டு. பண்ணாரி அம்மன் சந்நிதிக்கு அப்பால் தொடங்கும் அம்மலைப் பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏறிவரும் வண்டிக்கு வழிவிட்டு, இறங்குகையில் பிரேக்கையே நம்பியிராமல், தாழ்ந்த கியரில் நிதானமாகச் செலுத்துதல் அவசியம். அப்பாதை செல்லும், 2013-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பெற்ற சத்தியமங்கலம் வனப் பிரதேசத்தில், யானை முதலிய ஜீவராசிகள் நிர்ப்பயமாகச் சாலையைக் கடக்கும் பொருட்டு, இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வெளியூர் வாகனங்களுக்கு அநுமதி இல்லை. நாம் மனமுவந்து ஏற்கத்தக்க நியாயமான ஏற்பாடு இது. ஆதலால் விடியற்காலையிலேயே கிளம்பி, பகற்பொழுதிலேயே மலையைக் கடந்துவிடுமாறு திட்டமிடுங்கள். வாடகைக் காரில் செல்வோர், கர்நாடகத்துக்குரிய பர்மிட் உண்டா, வரி கட்டப்பட்டதா என்று முன்னதாகவே விசாரித்துக்கொள்ளுங்கள். வனத்துள் வண்டியை நிறுத்தி, விலங்குகளுக்குத் தின்பண்டம் அளிக்க வேண்டாம்.