தகரக் குடிலில் பன்றிக்குட்டி குளிரைத் தாங்குவது எப்படி?

இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதி வயல்களில் குளிர்காலத்திலும் அரைவட்டத் தகரக் குடில்கள் வரிசையாக நிற்கும். உள்ளே தாய்ப்பன்றியும் குட்டிகளும். ஹீட்டர் கிடையாது, பல குடில்களுக்குத் தரைகூடக் கிடையாது. பிறந்த குட்டிக்கோ 32 முதல் 34 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். அது எங்கிருந்து வருகிறது?

தாயிடமிருந்துதான். அதன் உடல் சூடு ஏறக்குறைய 39 டிகிரி. அந்தச் சூட்டைப் பிடித்து வைப்பது வைக்கோல்.

நீங்கள் போர்த்தும் கம்பளி சூட்டை உண்டாக்குவதில்லை. இழைகளுக்கு நடுவே காற்றைச் சிறைப்பிடித்து, உங்கள் சூட்டை உங்களிடமே தங்க வைக்கிறது. வைக்கோல் செய்வதும் அதுதான்.

வைக்கோல் நனைந்தால்? காற்று இருந்த இடத்தில் நீர் புகும்; சூடு விரைவாக வெளியேறும். அதனால்தான் நீர் வடியும் மண்ணாகப் பார்த்துக் குடிலை வைக்கிறார்கள். வாசலும் காற்று வந்து மோதாத பக்கமாக இருக்கும்.

சாணம்? இடம் இருந்தால் பன்றி படுக்கையை அசுத்தமாக்காது. தள்ளிப் போய்த்தான் கழிக்கும். ஆனால் அந்தச் சாணத்தில் வரும் உருண்டைப்புழு முட்டைகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். இயற்கைப் பண்ணையில் மருந்தை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது.

என்ன வழி? இடமாற்றம்தான். இயற்கைப் பண்ணை விதிப்படி குறைந்தது 40 நாள் பால் குடித்த பிறகே குட்டிகளைப் பிரிப்பார்கள். பிறகு பழைய வைக்கோலை அகற்றி, குடிலைப் புது மண்ணுக்கு இழுத்துச் செல்வார்கள். தரை இல்லாததால் இழுப்பது எளிது. கழுவும் வேலையும் குறைவு.

பன்றிகள் விட்டுப்போன நிலத்தில் அடுத்துப் பயிர் வளரும். அவற்றின் எருவே அதற்கு உரம்.